கார்ட் ஐயா கீறிய ஆறு

இதை எழுதலாமா, விடலாமா என்று பன்னிரண்டு வருடமாக யோசித்திருக்கிறேன். இரண்டு தடவை கொப்பி வாங்கினேன். ஒன்றைப் பிள்ளைகள் கணக்குச் செய்ய எடுத்துவிட்டார்கள். மற்றதில் பிள்ளையார் சுழி போட்டதோடு கை ஓடவில்லை; மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். துறைமுகத்துப் பண்டகசாலையில் மூட்டை எண்ணிப் பிழைத்தவன். எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம், உண்மையை எழுதினால் என் குற்றத்தையும் எழுத வேண்டும். அதோடு முருகப்பெருமானின் பேரில் நல்ல சனங்கள் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு கதையில் கை வைக்க வேண்டும். தெய்வக் குற்றமாகிவிடுமோ என்று பயந்தேன்.

போன ஆடியில் வெள்ளவத்தைக் கோயில் வாசலில் ஒருவர் அந்தக் கதையை எனக்கே சொன்னார். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் கதிர்காமத்துப் படத்தில் ஆறு பெருகி ஓடியதாம். அதைப் பார்த்த கால் வழங்காத பெண் எழுந்து நடந்தாளாம். அந்தப் பெண் என் மனைவி பாக்கியம். அவள் எழுந்து நடக்கவில்லை. படத்தைக் கீறியவரைப் பற்றி அந்தக் கதையில் ஒரு சொல்லும் இல்லை. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் செய்த நன்றி மறந்தவனாவேன் என்று பட்டது. அன்று வீட்டுக்கு வந்து லாச்சியைத் திறந்தேன்.

படத்தைக் கீறியவர் ரயில் பகுதியில் கார்ட். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முழுவதும் அவரைக் கார்ட் ஐயா என்றுதான் கூப்பிடும். பெயரை நான் எழுதப்போவதில்லை. தன் படங்களின் கீழேயே கையெழுத்து வைக்காதவர் அவர். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“மலையில என்ட பேர் எழுதியிருக்கேல்லயே” என்றார்.

பதுளைப் பாதையில், வண்டியின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நின்று இருபது வருடம் மலை பார்த்தவர். முன்னால் வருகிற மலையை எல்லோரும் பார்ப்பார்கள், பின்னால் போகிற மலையைப் பார்க்கிறவன் கார்ட் ஒருவன்தான் என்பார். வேதக்காரர். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போவார். மனைவி நாங்கள் அங்கே குடிவர முன்னமே காலமாகிவிட்டார். அவருடைய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் இடுப்பளவு மதில் ஒன்று. பாக்கியம் படுத்திருந்த அறையின் சன்னல் அந்த மதிலைப் பார்த்தபடி இருந்தது.

அவருக்கு வர்ணம் கிடைத்த கதையைக் கேட்டால் ஆள் எப்படிப்பட்டவர் என்று பிடிபட்டுவிடும். யாரோ தோட்டத்துத் துரை வண்டியில் விட்டுப்போன வர்ணப் பெட்டி அது. கொண்டுபோய் ரயில் கந்தோரில் ஒப்படைத்துவிட்டார். குறித்த காலம் வரை ஒருவரும் தேடி வராதபடியால், மேலதிகாரி அதை அவருக்கே கொடுக்கச் சொன்னாராம். கையெழுத்து வைத்து வாங்கினாராம். “அதுவரைக்கும் தொடேல்ல” என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, “மூடியத் திறந்து ஒருக்கா மணந்து பார்த்தது உண்மை” என்று அதையும் சேர்த்துக்கொள்வார். யாரும் கேட்கமாட்டார்கள். சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

இடத்திலேயே இருந்து கீறுவதென்றால் தண்ணீர் வர்ணம். முழங்காலில் பலகையை வைத்து, பால்பேணியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடுவார். ஆற்றின் நுரைக்கு வெள்ளை பூசமாட்டார். அந்த இடத்தில் கடுதாசியை அப்படியே விட்டுவிடுவார். வீட்டு விறாந்தையில் ஆறுதலாகக் கீறுவது எண்ணெய் வர்ணம். அது காய வாரக்கணக்கில் எடுக்கும். டர்பன்டைன் மணம் மதில் தாண்டி வந்து எங்கள் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியோடு கலக்கும். நான் முணுமுணுப்பேன். ஒருநாள் கறுத்தத் தேத்தண்ணிக்குப் பதிலாகத் தூரிகை கழுவிய பேணியை எடுத்துக் குடித்துவிட்டார். பாக்கியம் சன்னலால் கண்டு, “அண்ணை, அண்ணை!” என்று கத்தினாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, “சீனி காணாது எண்டுதான் நினைச்சன்” என்றார். படுக்கையில் விழுந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

மருதானைத் துணிக்கடை முதலாளி ஒருவர் பேராதனையில் மகாவலியைக் கீறிய படத்தை விரும்பி வாங்க வந்தார். பார்த்துவிட்டு, “ஆறு ஈக்கி, மல ஈக்கி, ஒரு ஓடம் இல்லியே கார்ட் ஐயா? ஒண்டு வச்சித் தாங்க” என்றார்.

“அண்டைக்கு ஓடம் வரேல்ல முதலாளி.”

“யா அல்லா! ஒரு ஓடம்தானே கேக்கிற, கப்பலா கேக்கிற?”

“வந்தா வைப்பன். வராதத எப்பிடி வைக்கிறது?”

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். கார்ட் ஐயா சும்மா இருக்கவில்லை. அடுத்தடுத்த மூன்று லீவு நாளும் பேராதனைக்குப் போய் ஆற்றங்கரையில் காத்திருந்தார். மூன்றாம் நாள் ஓடம் வந்தது. ஓடத்தில் ஒரு ஆடும் வந்தது. ஆட்டையும் வைத்தார். முதலாளி படத்தைப் பார்த்து, “ஆடு எதுக்கு?” என்று கேட்க, “அதுவும் ஏறித்தானே வந்தது” என்றாராம். முதலாளி சிரித்துச் சிரித்து, ஆட்டோடு வாங்கிக்கொண்டு போனார்.

பாக்கியத்துக்கு மூன்றாவது பிள்ளைப்பேற்றோடு இடுப்புக்குக் கீழே வழங்காமல் போனது. பெரியாஸ்பத்திரியிலும் காட்டினோம், நாட்டுப் பரிகாரியிடமும் எண்ணெய் வாங்கினோம். நாளுக்கு நாள் மெலிந்தாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. கதிர்காமத்து மாணிக்க கங்கையை இன்னொருதரம் கண்ணால் காணவேண்டும்; அதை நேர்த்தியாகவே வைத்திருந்தாள். சின்ன வயதில் தகப்பனோடு கால்நடையாகப் போனவள். தகப்பன் அந்த ஆற்றங்கரையிலேயே காய்ச்சலில் காலமாகிவிட்டார் என்று மட்டும் எனக்குத் தெரியும். மேலே கேட்டால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆளைத் தூக்கிக்கொண்டு அந்தக் காட்டு வழியால் எப்படிப் போவது? நான் கந்தசுவாமியிடம் முறையிட்டதோடு சரி.

ஒரு பின்னேரம் அவளே மதிலைப் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணை, இத்தனை மலை கீறுறீங்களே, கதிரமலை கீறினனீங்களோ?”

“இல்லத் தங்கச்சி. அந்தப் பக்கம் ரயில் போறேல்ல.”

“ஆறும் கீறேல்லையோ?”

“காணாத ஆறு.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஆவணி மாதம், திருவிழாச் சனம் கலைந்த பிறகு, கார்ட் ஐயா லீவு எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மாத்தறை வரை ரயில், திஸ்ஸ வரை பஸ், பிறகு காட்டுக்குள் நடை. பதினோராம் நாள் திரும்பி வந்தபோது குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு காலிலும் சீலை சுற்றியிருந்தது.

“என்ன ஐயா கால்?”

“சப்பாத்தக் கழட்டிட்டு நடந்தனான். நேர்த்தி தங்கச்சியிட நேர்த்தி எல்லோ? நான் சப்பாத்தோட போனா எண்ணுப்படுமோ தெரியேல்ல.”

ஒரு வேதக்காரர், எங்கள் சாமிக்காக, காட்டுக் கல்லில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். நான் கை கூப்பினேன். அவர் படத்தை நீட்டினார். “பத்திரம், தண்ணி படப்படாது” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

நான் விரித்துப் பார்த்தேன். பின்னால் நீலமாகக் கதிரமலை. இரண்டு கரையிலும் மருதமரங்கள், வேர்கள் வெளியே தெரிய. நடுவில் ஆறு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மணல். மணலில் ஆங்காங்கே குழிகள். ஒன்றில் மட்டும் கையகல நீர்.

நேரே அவருடைய அறைக்குப் போனேன்.

“ஐயா, ஆறு எங்கை?”

“அதுதான் ஆறு. மழையில்ல. சனம் மணலத் தோண்டித்தான் குடிக்குது.”

“ஒரு கொஞ்சம் நீலம் போட்டு விடுங்கோவன். ஒரு கரையிலை எண்டாலும்.”

“போடலாம். கை போகும். நான் நிண்ட நேரம் தண்ணி இல்லையே.”

“அவள் எத்தனை நாளைக்கு இருப்பாளோ தெரியாது. சாகப்போறவளுக்கு ஒரு பொய் சொன்னால் என்ன ஐயா?”

அவர் போர்வையை இழுத்துக்கொண்டார். “காட்டவேண்டாம் எண்டா காட்டாதேங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்” என்றார்.

நான் காட்டவில்லை. அலுமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டு, கார்ட் ஐயாவுக்குக் காய்ச்சல், படம் இன்னும் முடியவில்லை என்று அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் காலை, அவர் இருமிக்கொண்டு முற்றத்துக்கு வந்த சத்தம் கேட்டது.

“அண்ணை, சுகமோ? என்ரை படம் எப்ப முடியும்?”

வேறு யாராயிருந்தாலும் என் முகத்தைப் பார்த்துச் சமாளித்திருப்பார்கள்.

“அது வந்த அண்டைக்கே குடுத்திட்டன் தங்கச்சி” என்றார்.

பாக்கியம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் போய் அலுமாரியை இழுத்தேன்.

படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் விரலை மணலில் வைத்து, குழி குழியாக எண்ணினாள். பிறகு சன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணை, ஊத்து எந்தப் பக்கக் குழியிலை ஊறினது?”

“மலைப் பக்கத்துக் குழியிலதான் தங்கச்சி. மற்றதெல்லாம் காய்ஞ்சு கிடந்தது.”

“ஓம்” என்றாள். “மலைப் பக்கம்தான். நான் முதலிலை இஞ்சாலைப் பக்கம் தோண்டினனான். அதுதான் பிந்தினது.”

பதினாறு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள், அன்றுதான் வாய் திறந்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தகப்பன் மருதமரத்தடியில் காய்ச்சலில் கிடந்து தண்ணீர், தண்ணீர் என்று கேட்டிருக்கிறார். கூட வந்தவர்கள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். இவள் செம்பை எடுத்துக்கொண்டு ஓடி, கையால் மணலைத் தோண்டியிருக்கிறாள். தண்ணீர் ஊறி அரைச் செம்பு சேர்ந்து, கொண்டு போகிறபோது தகப்பனுக்கு மூச்சு இல்லை. ஊருக்கு வந்ததும் அவளுடைய பெரியம்மா சொன்னாவாம்: “ஆத்தங்கரையிலை நிண்டுகொண்டு அப்பனுக்குத் தண்ணி குடுக்காத பிள்ளை.” பெரியம்மா கதிர்காமம் போனது வேறொரு வருடம், பெருமழைக்குப் பிறகு. அவ கண்டது இரு கரையும் தொட்டு ஓடிய கங்கை. அந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது. சொல்லிச் சொல்லி, ஆறு நிறையத் தண்ணீர் ஓடியதுதானோ, தானே விளையாடிக்கொண்டு நின்றுவிட்டேனோ என்று பாக்கியத்துக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். கால் வழங்காமல் போனதும் அந்தப் பாவம்தான் என்று நினைத்திருக்கிறாள். இன்னொருதரம் அந்த ஆற்றைக் காணவேண்டும் என்றது அதற்காகத்தான்.

“இஞ்சை பாருங்கோ, தண்ணி இல்லை. நான் பொய் சொல்லேல்லை” என்றாள் என்னிடம்.

நான் நீலம் பூசச் சொல்லிக் கேட்டேனே, அந்த நீலத்தை அவர் பூசியிருந்தால்?

இனி என் குற்றம். வெள்ளிக்கிழமை வந்தது. கந்தப்பெருமான் என் வீட்டுக்கு அனுப்பிய படம் என்று, அதைக் கடுதாசி மட்டையில் ஒட்டி, கண்ணாடி போடாமல், சாமி அறையில் வைத்தேன். சந்தனம் பூசினேன். கற்பூரம் காட்டினேன். மாவிலையால் தீர்த்தம் அள்ளித் தெளித்தேன். தண்ணீர் படக்கூடாது என்று கார்ட் ஐயா சொன்னது மழையை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். தீர்த்தத்தைத் தண்ணீர் என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

வானத்து நீலம் கரைந்து, மலையடிவாரத்தால் இறங்கி, மணலுக்குள் பரவியது. பூசைக்கு வந்திருந்த அடுத்த ஒழுங்கை அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அரோகரா! ஆத்திலை தண்ணி வந்திட்டுது!”

தொட்டுப் பார்த்த என் விரலில் நீலம் ஒட்டியிருந்தது. என்ன நடந்தது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். நான் விரலை வேட்டியில் துடைத்தேன். வாய் திறக்கவில்லை.

ஐந்து நாள் சனம் வந்தது. செட்டியார் தெருவிலிருந்து தேங்காய் பழத்தோடு வந்தார்கள். மட்டக்குளியிலிருந்து ஒரு சிங்கள மீன்காரி மல்லிகைப்பூ கொண்டுவந்து, “அனே, கதரகம தெய்யோ!” என்று கதிர்காமத் தெய்வத்தை அழைத்து நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். நான் விபூதி கொடுத்தேன். கொடுத்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. உள்ளே படுத்திருந்த பாக்கியம் ஒவ்வொரு நாளும் ஒன்றையே கேட்டாள்.

“ஏன் பேசாமல் நிக்கிறியள்? அந்தத் தண்ணியை நிப்பாட்டுங்கோ. பாக்கிறவை எல்லாரும் இனி என்ன சொல்லுவினம்? ஆறு நிறையத் தண்ணி இருந்தது எண்டெல்லோ சொல்லுவினம்.”

அந்த ஐந்து நாளும் கார்ட் ஐயா பதுளைப் பாதையில் வேலையில் இருந்தார். ஆறாம் நாள் வந்தார். தொப்பியைக் கழற்றி, சனத்துக்கு நடுவே வந்து படத்தைப் பார்த்தார்.

“இது நான் கீறின ஆறு இல்ல” என்றார்.

“உங்களுக்கு எங்கடை முருகனிலை நம்பிக்கை இல்லை, அதுதான்” என்று ஒருவர் பாய்ந்தார்.

கார்ட் ஐயா அவரோடு வாதாடவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. “வீட்டுக்காரர் நிண்டவர். அவரக் கேளுங்கோ” என்று சொல்லி என்னைப் பார்த்தார். கோபமில்லாத பார்வை. ஓடம் வரும் வரைக்கும் ஆற்றங்கரையில் காத்திருந்தவர் அல்லவா. எனக்காகவும் அப்படியே காத்திருந்தார்.

“நான்தான் தீர்த்தம் தெளிச்சனான்” என்றேன். “வானம் கரைஞ்சு இறங்கினது. ஆறு காய்ஞ்சுதான் இருந்தது.”

பாதிப் பேர் நம்பவில்லை. தன்னடக்கத்தில் சொல்கிறேன் என்றார் ஒருவர். கதை அப்படியே படியிறங்கிப் போய்விட்டது. இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

சனம் போனபின் கார்ட் ஐயா படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “என்ட வானம் இறங்கிப் போச்சே” என்று சிரித்தார். அன்றைக்கே பலகை ஒன்றை எடுத்து எண்ணெய் வர்ணத்தில் தொடங்கினார். கதிர்காமத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்த துண்டுகள் அவரிடம் இருந்தன. எந்த மரத்துக்கு எத்தனை வேர், எந்தக் குழி எங்கே என்று. எண்ணெய் வர்ணம் இலகுவில் காயாது. அவள் அதுவரை இருப்பாளோ என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். நாள்தோறும் பின்னேரம் பலகையை மதிலில் நிமிர்த்தி வைத்து அவளுக்குக் காட்டுவார். அவள் அதற்காகவே சோறு இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள்.

ஒருநாள் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அண்ணை, மலைப் பக்கக் குழியடியிலை என்ரை செம்பை வைக்கிறீங்களோ? சின்னதாய்.”

கார்ட் ஐயா தூரிகையைக் கீழே வைத்தார். அவருடைய முகத்தை அப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை. எனக்கு மாட்டேன் என்று சொன்னவர், அவளுக்குச் சொல்ல முடியாமல் தவித்தார். “நான் காணேல்லயே தங்கச்சி” என்று மெல்லச் சொன்னார். பிறகு தூரிகையை எடுத்தார். பித்தளை நிறத்தைத் தொட்டார். அவளுக்காக வைக்கத்தான் போனார்.

“வேண்டாம் அண்ணை” என்றாள் பாக்கியம். “வைச்சால் மிச்சத்தையும் நம்பமாட்டினம்.”

அவர் தலையாட்டினார். தூரிகையைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

படம் காய்ந்து முடிந்ததும் கொண்டுவந்து என் கையில் தந்து, “இது எண்ணெய். இனி நீங்கள் அபிஷேகமே செய்தாலும் ஒண்டும் ஆகாது” என்றார்.

தைப் பொங்கல் கழிந்து, அதிசயக் கதை கேட்டு, பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி வந்தா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போனா.

“என்னடி பாக்கியம், ஆறு நிறையத் தண்ணி எண்டு சொல்லிச்சினம். தண்ணியைக் காணேல்லை?”

“ஓம் பெரியம்மா. அண்டைக்கும் இல்லை.”

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினா. பக்கத்தில் கதிரை இருக்க, நிலத்திலேயே இருந்துவிட்டா. கொஞ்ச நேரத்தால் பெரியம்மா எழும்பி, மண் கூசாவிலிருந்து தண்ணீர் வார்த்து, அவளுடைய தலையைத் தாங்கிப் பருக்கினா.

அதற்குப் பிறகு பாக்கியம் நாலு வருடம் இருந்தாள். கால் வரவில்லை. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கும் பழக்கம் விட்டுப்போனது. அவள் போன வருடத்துக்கு அடுத்த வருடம் கார்ட் ஐயாவும் போனார். துறைமுகத்தில் யப்பான்காரனின் குண்டு விழுந்தபோது பிள்ளைகளையும் இந்தப் படத்தையும் தூக்கிக்கொண்டு நான் வெள்ளவத்தைக்கு வந்தேன். சாமி அறையில், வேலுக்குப் பக்கத்தில், இப்போதும் இருக்கிறது. வெள்ளிதோறும் கற்பூரம் காட்டுகிறேன். கண்டதைக் கண்டபடி வைக்க ஒரு மனிதரை என் மதிலுக்கு அப்பால் குடியிருத்திய கந்தப்பெருமானுக்கு அதைவிட வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்?

இதை வாசிப்பவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நான் எழுதியபடியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம். அவளை நடக்க வைக்க வேண்டாம். குழியடியில் செம்பு இல்லை. ஆற்றில் தண்ணீர் விட்டுவிடாதீர்கள்.